போதை மீட்பு ஆலோசகர் ஆக என்ன படிக்கணும்? அதுல கெமிஸ்ட்ரி எதுக்கு?

"ஹாட் எல்லாம் விட்டுட்டேன் சார், இப்போ வெறும் பீர்தான்."

போதை மறுவாழ்வு மையங்களில் ஆலோசகர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. இதற்கு அறிவுரை சொன்னால் எடுபடாது. கணக்கு போட்டுக் காட்டினால் யோசிப்பார்கள்.

8% ஆல்கஹால் உள்ள 650 மி.லி. ஸ்ட்ராங் பீரில் 52 மி.லி. எத்தனால் இருக்கிறது. எடையில் சுமார் 41 கிராம். 42.8% ஆல்கஹால் உள்ள 180 மி.லி. குவார்ட்டரில் இருப்பது சுமார் 61 கிராம். அதாவது, ஒன்றரை பாட்டில் ஸ்ட்ராங் பீர் குடித்தால் ஒரு குவார்ட்டர் குடித்ததற்குச் சமம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் கரைப்பது தோராயமாக 7 முதல் 10 கிராம்தான். ராத்திரி குடித்தது காலையில் வண்டி எடுக்கும்போதும் ரத்தத்தில் இருக்கலாம்.

இந்தக் கணக்குக்குத் தேவை சதவீதம், அடர்த்தி என்ற இரண்டே விஷயம். இரண்டும் அடிப்படை வேதியியல். ஆலோசகர் படிப்பில் சேர நினைக்கும் மாணவர்கள் பலர் கேட்கும் கேள்வி, "கவுன்சிலிங்குக்கு எதுக்கு கெமிஸ்ட்ரி?" என்பதுதான். விரிவாகப் பார்க்கலாம்.

இந்த வேலைக்குத் தேவை இருக்கிறதா?

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளியானது. 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 16 கோடி பேர் மது அருந்துகிறார்கள் என்றது அந்த ஆய்வு. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர்தான். மையங்களும் போதாது, பயிற்சி பெற்ற ஆட்களும் போதாது.

ஆலோசகரின் வேலை என்ன?

மருந்து எழுதித் தருவது மனநல மருத்துவரின் வேலை. ஆலோசகர் மருந்து எழுத முடியாது. குடிப்பவரின் பழக்கத்தை மதிப்பிடுவது, விட வேண்டும் என்ற எண்ணத்தை அவரிடமிருந்தே வரவழைப்பது, மீண்டும் குடிக்கத் தூண்டும் சூழல்களை அடையாளம் காண்பது, குடும்பத்தாரைத் தயார்படுத்துவது ஆகியவை அவரது பொறுப்பு. வாரக்கணக்கில் நோயாளியோடு உட்கார்ந்து பேசுபவர் இவர்தான். அதனால் ஆபத்தின் அறிகுறி முதலில் தெரிவதும் பெரும்பாலும் இவருக்குத்தான்.

என்ன படிக்கலாம்?

இந்தியாவில் இந்தத் துறைக்கு வர வழக்கமான பாதைகள் இவை:

• இளங்கலையில் உளவியல் அல்லது சமூகப்பணி. இது அடித்தளம்.
• முதுகலையில் எம்.எஸ்.டபிள்யூ. இதில் மருத்துவம் மற்றும் மனநலப் பிரிவைத் தேர்ந்தெடுப்பவர்கள் நேரடியாக இந்த வேலைக்கு வருகிறார்கள். முதுகலை உளவியலும் படிக்கலாம்.
• மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டும் என்றால் அதற்கென அங்கீகரிக்கப்பட்ட படிப்பும், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவும் கட்டாயம்.
• ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கு, கொழும்புத் திட்ட அமைப்பு உருவாக்கிய பாடத்திட்டத்தின் அடிப்படையில் போதை சிகிச்சைக்கான சிறப்புப் பயிற்சிகளும் சான்றிதழ் தேர்வுகளும் உண்டு.

சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, பெங்களூருவில் நிம்ஹான்ஸ் ஆகியவை இந்தத் துறையில் நீண்ட அனுபவம் கொண்டவை.

தபால் வழியில் படிக்கலாமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைதூர வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டது. அந்தக் கல்வியாண்டு முதல் புதிய சேர்க்கைக்கு இது பொருந்தும். "மூணே மாசத்துல கவுன்சிலர் ஆகலாம்" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

சரி, கெமிஸ்ட்ரி எங்கே வருது?

1. திடீரென நிறுத்துவதன் ஆபத்து. பல வருஷமாகத் தினமும் குடிப்பவரிடம் "இன்னிக்கே நிறுத்துங்க" என்று சொல்வது நல்ல அறிவுரை போலத் தெரியும். உண்மையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். மூளையில் காபா என்ற வேதிப்பொருள் பிரேக் மாதிரி, குளுட்டமேட் ஆக்சிலேட்டர் மாதிரி. மது பிரேக்கை அழுத்திக்கொண்டே இருப்பதால், மூளை ஈடுகட்ட ஆக்சிலேட்டரைக் கூட்டி வைத்திருக்கும். மது திடீரென நின்றால் பிரேக் போய்விடும், ஆக்சிலேட்டர் மட்டும் மிஞ்சும். கை நடுக்கம், வியர்வையில் தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். அடுத்த இரண்டு நாட்களில் கடும் குழப்பமும், இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் வரலாம். இது தெரிந்த ஆலோசகர் முதலில் மருத்துவரிடம் அனுப்புவார்.

2. சாப்பாட்டில் கலக்கும் மாத்திரை. "அவருக்குத் தெரியாம குழம்புல கலந்து குடுக்குறேன்" என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. டைசல்பிராம் என்ற மருந்து இப்படித் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. உடலுக்குள் எத்தனால் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாறும். பிறகு அது அசிட்டேட்டாக மாறிக் கழியும். இந்த மருந்து இரண்டாவது படியைத் தடுத்துவிடும். குடித்தவுடன் அசிட்டால்டிஹைடு தேங்கி முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் உள்ளவர்கள் இறந்துபோகவும் வாய்ப்பு உண்டு. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த விளைவு வரலாம். சம்பந்தப்பட்டவரின் சம்மதமும் மருத்துவரின் கண்காணிப்பும் இல்லாமல் கொடுக்கவே கூடாது.

3. எத்தனால் வேறு, மெத்தனால் வேறு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது மெத்தனால் கலந்த சாராயம். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். குடித்த உடனே எதுவும் தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் கண் மங்கும். "தூங்கி எழுந்தா சரியாகிடும்" என்று காத்திருப்பதுதான் பல உயிர்களைப் பறிக்கிறது.

4. புகையிலையும் சுண்ணாம்பும். வெறும் புகையிலையைவிடச் சுண்ணாம்பு சேர்த்த புகையிலை ஏன் 'கிர்ர்' என்று ஏறுகிறது? சுண்ணாம்பு காரத்தன்மை கொண்டது. அது பி.எச். அளவை உயர்த்துவதால், நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாக வேகமாக ரத்தத்தில் சேரும். வேகமாக ஏறும் போதைக்கு அடிமையாவதும் எளிது.

5. விட்ட பிறகு வரும் ஆபத்து. ஹெராயின் போன்றவற்றை விட்டுச் சில வாரம் இருந்தவரின் உடல், பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். மறுபடியும் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். மையத்திலிருந்து வீடு திரும்பும் நாளில் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி இது.

பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி படிக்கலையே?

பயப்பட வேண்டாம். கலைப் பிரிவு, வணிகவியல் பிரிவு மாணவர்களும் உளவியல், சமூகப்பணியில் சேர்கிறார்கள். சேரும் கல்லூரியின் விதியை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். எத்தனால், பி.எச். அளவு இரண்டுமே பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் உள்ளவை. அங்கிருந்தே தொடங்கலாம். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் அடிப்படை வேதியியல் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சமன்பாடுகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு பொருள் உடலுக்குள் எப்படிப் போகிறது, எதுவாக மாறுகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைப் புரிந்துகொள்வதே முக்கியம்.

சேரும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

• படிப்புக்கு யாருடைய அங்கீகாரம் இருக்கிறது?
• மறுவாழ்வு மையத்தில் நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம்? அங்கே மேற்பார்வை செய்வது யார்?
• போதைப்பொருட்கள் உடலில் வேலை செய்யும் விதம் பற்றித் தனிப் பாடம் உண்டா?
• பயிற்சிக்கு அனுப்பும் மையம், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் கீழ் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா?

கடைசிக் கேள்வி மாணவர்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் ஒருவரைச் சிகிச்சைக்குச் சேர்க்கப் போகும் குடும்பத்துக்கும்தான்.

உதவி தேவையா?

போதைப் பழக்கத்திலிருந்து மீள 14446 என்ற தேசிய இலவச எண்ணை அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. வலிப்பு, கடும் குழப்பம், பார்வை மங்குவது போன்ற அறிகுறி இருந்தால் ஆலோசனைக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.