காய்ச்சல் விட்ட பிறகு



"காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை" என்று எங்கட ஆக்கள் சொல்லுவினம். ஊரில் என்ர தம்பிக்கு டெங்கு வந்தபோது அம்மாவும் அப்படித்தான் நினைச்சா. நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்று பின்னேரமே முரசால் இரத்தம் கசிந்து, கை கால் குளிர்ந்து போக, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தம்பி தப்பிவிட்டான். ஏன் அப்படி நடந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏ.எல். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். காயம் பட்டால் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றுசேர்ந்து ஓட்டையை அடைக்கும். பைபிரின் நார்கள் வலைபோல அதை இறுக்கும். காயத்தில் இரத்தம் உறையவும் வேணும், குழாய்க்குள் ஓடவும் வேணும். சில வைரசுகள் இந்தச் சமநிலையைக் குழப்பிவிடும்.

1953-54 இல் பிலிப்பைன்சின் மணிலாவிலும், 1958 இல் தாய்லாந்தின் பாங்கொக்கிலும் பிள்ளைகள் காய்ச்சலோடு இரத்தம் கசிந்து இறந்தார்கள். டெங்குதான் இதற்குக் காரணம் என்பதை, 1956 இல் மணிலாவில் ஆராய்ந்த அமெரிக்கர் வில்லியம் ஹமனின் குழு கண்டறிந்தது. 1960களில் பாங்கொக்கில் வேலை செய்த ஸ்கொட் ஹால்ஸ்டெட், இரண்டாம் முறை வேறொரு வகை டெங்கு தொற்றுபவர்களுக்கே ஆபத்துக் கூட என்று காட்டினார். அதே நகரத்தின் குழந்தை வைத்தியர் சுசித்ரா நிம்மானித்யா இன்னொன்றைக் கவனித்தார். சிறுதட்டுகள் குறைவது மட்டுமல்ல, காய்ச்சல் இறங்கும் நேரத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களை விட்டு வெளியே கசிகிறது. அந்த 24 முதல் 48 மணித்தியாலமும் அளந்து சேலைன் ஏற்றினால் பிள்ளையைக் காப்பாற்றலாம். தம்பியைக் காப்பாற்றியதும் இந்த அறிவுதான். இலங்கையில் இந்தக் கொடிய டெங்கு 1989 இல் பெரிதாகப் பரவியது. 2017 இல் மட்டும் 186,101 பேருக்கு டெங்கு வந்ததாகப் பதிவானது.

கொரோனா செய்தது நேர்மாறு. 2020 இல் எங்கட ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் கொரோனாவால் இறந்த 12 பேரின் உடல்களை வெட்டிப் பார்த்தார்கள். 7 பேரின் கால் நாளங்களில், உயிரோடு இருக்கும்போது ஒருவரும் சந்தேகிக்காத இரத்தக் கட்டிகள் இருந்தன. 4 பேர் அந்தக் கட்டி நுரையீரலை அடைத்ததால் இறந்திருந்தார்கள். அதன் பிறகு ஆஸ்பத்திரிகளில் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் ஊசியில் கூடுதல் கவனம் செலுத்தினார்கள். 2022 இல் வெளியான சுவீடன் ஆய்வின்படி, கொரோனா வந்தவர்களுக்கு நுரையீரலில் கட்டி அடைக்கும் ஆபத்து ஆறு மாதம் வரைக்கும் கூடுதலாக இருந்தது.

என்னோடு வேலை செய்யும் அண்ணை ஒருவர் கொரோனா மாறி வேலைக்கு வந்த மூன்றாம் கிழமை, ஒரு கெண்டைக்கால் வீங்கி நொந்தது. "மெசினில நிண்டு நிண்டு வந்த நோ" என்று லீவு எடுக்காமல் இருந்தார். மூச்சு முட்டின பிறகுதான் அம்புலன்ஸ் வந்தது. நல்லகாலம், தப்பிவிட்டார்.

ஊருக்குப் போகிறவர்களே, அங்கே காய்ச்சல் வந்தால் டெங்கு இல்லை என்று தெரியும் வரைக்கும் அஸ்பிரின், இபுபுரோபன் போடாதேங்கோ. பனடோல் அளவோடு போதும். காய்ச்சல் விட்டதும் வயிற்றுநோ, சத்தி, இரத்தக் கசிவு, சோர்வு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. கடும் வருத்தத்தால் எழும்பியவர்கள் ஒற்றைக்கால் வீக்கத்தையும் மூச்சுமுட்டலையும் வேலைக் களைப்பு என்று விடாதேங்கோ. லீவு பிறகும் எடுக்கலாம், உயிர் அப்படியில்லை.