தண்டு போட்ட வரிசை

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் பழைய எஞ்சினைக் கழற்றிய கதையை மின்சாரத்தின் வரலாறாகச் சொல்வது வழக்கம். பொறியாளர் விமலசுரேந்திர 1918இல் முன்வைத்த நீர்மின் யோசனை பணமில்லாமல் இழுபட்டு, 1950இல்தான் லக்சபானவில் 25 மெகாவாட்டாக ஓடத் தொடங்கியது. கம்பி வந்தது, எஞ்சின் போயிற்று. பொய்யில்லை. ஆனால் எஞ்சின் போட்டுக்கொடுத்த ஒழுங்கு அதோடு போகவில்லை என்பதே என் கட்சி.

நீர்ச்சக்கரமோ, விறகில் ஓடிய நீராவி எஞ்சினோ, பின்னால் வந்த டீசல் எஞ்சினோ, எதுவானாலும் ஒன்றே கட்டடம் முழுவதையும் இயக்கியது. அதன் பலம் தலைக்கு மேலே நீளவாக்கில் ஓடிய இரும்புத் தண்டுக்குப் போகும். தண்டின் கப்பிகளிலிருந்து தோல் பட்டிகள் இறங்கி, கொழுந்தை அரைக்கும் ரோலர்களைச் சுழற்றும். ஒவ்வொரு ரோலருக்கும் அருகருகே இரண்டு கப்பி: ஒன்று ரோலரை இயக்கும் அச்சோடு இறுகியது, மற்றது சும்மா சுற்றுவது. ஒரு ரோலரை நிறுத்த எஞ்சினை அணைக்க வேண்டாம். பட்டியை நெம்பி சும்மா சுற்றும் கப்பிக்குத் தள்ளினால் போதும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். தண்டு நேர்கோடு என்பதால் இயந்திரங்களும் அதன் கீழே வரிசைகட்டி நிற்க வேண்டியதாயிற்று.

கட்டடத்தின் வடிவைத் தீர்மானித்தது கொழுந்தை வாட்டும் வேலைதானே என்று கேட்கலாம். அடுக்கு மாடிகளும் நெருக்கமான சன்னல்களும் அதற்காகவே, தகராறில்லை. ஆனால் வாட்டும் தட்டுகளுக்குப் பதிலாக விசிறி பூட்டிய தொட்டிகள் வந்து மாடிகளில் வேலை முறை மாறிய பிறகும், கீழே ரோலர் வரிசை அசையவில்லை. மின்சாரம் வந்ததும் ரோலர்களை விரும்பிய இடத்தில் வைத்திருக்கலாமே என்பது இதைவிட வலுவான கேள்வி. உலகெங்கும் ஆலைகளில் முதல் மோட்டார் பெரும்பாலும் எஞ்சினின் இடத்தில்தான் ஏறியது. தண்டும் பட்டியும் அப்படியே ஓடின. இயந்திரத்துக்கொரு மோட்டார் வந்தபோதோ, ரோலர்களின் அடித்தளம் தரையில் எப்போதோ இறுகிவிட்டிருந்தது. ஒன்றை நகர்த்தினால் அரைத்த கொழுந்தை ஏந்தும் தள்ளுவண்டியின் வழி மாறும், சலிக்கும் இயந்திரத்தையும் இடம் மாற்ற வேண்டும், அத்தனை நாளும் கொழுந்து தேங்கும். ரோலர் நின்ற இடத்திலேயே பக்கத்தில் ஒரு மோட்டாரைப் பூட்டுவது அதைவிட மலிவு.