கப்பலேறிய சொல்

சரக்கு கிடக்கும் இடத்துக்குப் பேர் வைக்கத் தமிழர் அதிகம் யோசிக்கவில்லை. ‘கிட’ என்ற வினையிலிருந்தே ‘கிடங்கு’ பிறந்தது. கோட்டை அகழிக்கும் அதுதான் பழைய பெயர். தெலுங்கில் அதன் உடன்பிறப்பு கிட்டங்கி. சோழமண்டலக் கரையிலிருந்து துணிமூட்டையோடு கிளம்பிய வணிகர் வாயில் இந்தச் சொல்லும் கடல் கடந்தது. மலாய்க்காரர் அதை ‘குடாங்’ ஆக்கிக்கொண்டார்கள். அது அங்கேயே தங்கவில்லை.

1511இல் மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்ந்தது. துறைமுகத்தோடு சரக்கறைகளும் அவற்றின் பெயரும் கைமாறின. அதே பெயர் பர்மாவிலும் வழங்கியது. அங்கே பெகு நகரில் வீடுகள் மூங்கிலால் ஆனவை, அடிக்கடி தீப்பிடித்தன. அதனால் விலையுயர்ந்த சரக்கை வணிகர்கள் செங்கல் அறையில் பூட்டினார்கள். அந்த அறையைப் பற்றி வெனிஸ் வணிகர் சீசர் ஃபெடரிச்சி எழுதியது 1588இல் ஆங்கிலத்தில் வந்தது. அறையின் பெயராக அதில் இருந்தது ‘கோடோன்’. அந்தச் சொல் வந்த வழி ஆங்கிலேயருக்குப் புரியவில்லை. ‘கீழே இறங்கிப் போகும் அறை’ என்று சிலர் பொருள் சொன்னார்கள்.

முடிச்சை அவிழ்த்தது ஓர் அகராதி. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல், யூல் என்பவருடன் சேர்ந்து தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ 1886இல் வெளியானது. மலாய்ச் சொல்லுக்கும் பின்னால் போய்த் தமிழ், தெலுங்குச் சொற்களைக் காட்டியது. தொகுப்பைக் கண்ணால் காண பர்னெல் உயிரோடு இல்லை.

அதற்கு முன்பே நகரத்தார் என்னும் செட்டிநாட்டு வணிகர்கள் அதே கடலைக் கடந்திருந்தார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நீண்டு குறுகிய கடைவீடுகளில் பல லேவாதேவிக்காரர்கள் ஒன்றாகத் தொழில் செய்தார்கள். அவரவருக்கு ஒரு மரப்பெட்டி, ஒரு தாழ்ந்த மேசை, உட்காரும் அளவுக்குத் தரை. வாடகை அந்தத் தரைக்குத்தான். பகலில் பெட்டியடியில் வட்டிக் கணக்கு, இரவில் அங்கேயே பாய். கூடத்தில் கிடந்தது சரக்கல்ல, மனிதர்கள். ஆனாலும் அந்த வீட்டை அவர்கள் அழைத்த பெயர் கிட்டங்கி.

ஊரிலோ அதே சொல் ஆங்கில வேடம் பூண்டு வந்திறங்கியது. ‘குடோன் வாடகைக்கு’ என்று இன்று பலகைகளில் தொங்குவது அதுதான். குப்பை என்றால் பழந்தமிழில் குவியல். நெற்குவியலைப் பெயரிலேயே வைத்திருக்கும் நகரத்தார் ஊர் நெற்குப்பை. அங்காவது அந்தப் பலகையில் ‘கிடங்கு’ என்று எழுத வேண்டும்.