கலப்புக்கு ஓர் எண்

முடிவு மரம் என்கிற கணினி உத்தியைப் பழகத் தொடங்கும் மாணவர், திருச்சியின் துவாக்குடி என்.ஐ.டி.யில் படித்தாலும் சரி, செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தாலும் சரி, பெரும்பாலும் முதலில் வளர்ப்பது ஒரே மரத்தைத்தான். மூன்று இனங்களைச் சேர்ந்த 150 ஐரிஸ் பூக்கள், இனத்துக்கு 50. நிரலை ஓட்டியதும் திரையில் ஒரு மரம் தலைகீழாக விரியும். உச்சிப் பெட்டியில் 'ஜினி = 0.667' என்றிருக்கும். அல்லியிதழின் நீளம் 2.45 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா என்று ஒரு கேள்வி. ஆம் என்றால் இடப்பக்கப் பெட்டி: 50 பூக்கள், ஜினி = 0. இல்லையென்றால் வலப்பக்கப் பெட்டி: 100 பூக்கள், ஜினி = 0.5. முதல் பெட்டி தூய்மையாகிவிட்டது, இரண்டாவதில் இன்னும் கலப்பு இருக்கிறது என்று ஆசிரியர் சொல்வார். அந்த எண் எந்தெந்த ஊர் சுற்றி, யார் யார் கைமாறி இந்தப் பெட்டிக்கு வந்தது என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

முதலில் எண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துவிடுவோம். காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியில் பத்துத் தார் இறங்கியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாரைத் தொடுங்கள். விலகி வந்து, மறுபடியும் கண்ணை மூடி ஒரு தாரைத் தொடுங்கள். இரண்டு முறையும் தொட்டது வெவ்வேறு ரகமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? பத்தும் பூவன் என்றால் வாய்ப்பே இல்லை, எண் 0. ஏழு பூவன், மூன்று ரஸ்தாளி என்றால் ஒவ்வொரு ரகத்தின் பங்கையும் அதே பங்கால் பெருக்க வேண்டும்: 0.49, 0.09. கூட்டினால் 0.58. அதை ஒன்றிலிருந்து கழித்தால் 0.42. பாதிக்குப் பாதி என்றால் 0.5. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி மூன்றும் சமமாக இருந்தால் 0.667, ஐரிஸ் மரத்தின் உச்சியில் கண்ட அதே எண். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது. இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் இதை இத்தனை பேர் ஒருவரையொருவர் அறியாமல் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்கிறேன்.

1912-ஆம் ஆண்டு. இத்தாலியின் சார்டினியா தீவில் காலியாரி பல்கலைக்கழகத்தில் 28 வயது கொராடோ ஜினி ஒரு புத்தகம் வெளியிட்டார். உயரம், வருமானம் போன்ற அளவுகளில் உள்ள வேறுபாட்டை அளக்க அப்போதே வழிகள் இருந்தன. கண்ணின் நிறம், மதம், தொழில் போன்றவற்றை எண்ணால் அளக்க முடியாதே, அவற்றில் உள்ள வேறுபாட்டை எப்படிச் சொல்வது? அதற்கு அவர் தந்த விடைகளில் ஒன்று நம் வாழைத்தார் கணக்கு. வருமான ஏற்றத்தாழ்வைப் பற்றிச் செய்தித்தாளில் வரும் ஜினி குறியீடும் அவருடையதுதான், ஆனால் அது வேறு கணக்கு. ஒரே பெயரில் இரண்டு எண்கள் உலவுவதால் நேர்முகத் தேர்வுகளில் இன்றும் பலர் தடுமாறுகிறார்கள்.

ஜினியின் பிற்கால வாழ்க்கையை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. முசோலினி ஆட்சியில் அவர் இத்தாலியப் புள்ளியியல் நிறுவனத்தின் தலைவராக இருந்தார். 1927-இல் பாசிசத்துக்கு அறிவியல் அடிப்படை தேடிக் கட்டுரை எழுதினார். இனமேம்பாட்டியல் சங்கத்துக்கும் தலைமை தாங்கினார். ஐரிஸ் பூக்களின் கதையும் இதே திசையில்தான் போகிறது. எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர் அளந்த அந்தப் பூக்களை ரொனால்ட் ஃபிஷர் 1936-இல் பதிப்பித்த இதழின் பெயரிலேயே இனமேம்பாட்டியல் இருந்தது. மனிதரை இனவாரியாகத் தரம் பிரித்த காலத்தின் கருவிகள் இவை. நல்லவேளை, கருவிகள் அங்கேயே தங்கிவிடவில்லை.

இதற்கிடையே அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தின் ரிவர்பேங்க் ஆய்வகத்தில் இதே கணக்கு வேறு வேலைக்குப் பிறந்தது. வில்லியம் ஃபிரீட்மன் சங்கேதச் செய்திகளை உடைப்பவர். 1922-இல் வெளிவந்த அவருடைய ஆய்வு கேட்ட கேள்வி இதுதான்: ஓர் எழுத்துக்குவியலில் கண்ணை மூடி இரண்டு எழுத்துகளை எடுத்தால் இரண்டும் ஒன்றாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? ஆங்கில நடையில் அது நூற்றுக்கு 6.7 அளவில் வரும். 26 எழுத்துகளும் சமமாகச் சிதறிக் கிடந்தால் 3.8. இந்தச் சிறு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டே குழப்பமாகத் தோன்றும் செய்திக்குள் மொழி ஒளிந்திருக்கிறதா என்று அவர் கண்டுகொண்டார். கலப்பைக் கணிக்க ஜினி ஒன்றிலிருந்து கழித்தார், இவர் கழிக்காமல் விட்டார். அவ்வளவுதான் வேறுபாடு.

இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டூரிங்கின் கூட்டத்தாருக்கும் இது அன்றாடக் கணக்கு. அங்கே எட்வர்ட் சிம்ப்சன் என்ற இளைஞர் இத்தாலியக் கடற்படையின் சங்கேதங்களை உடைத்துக்கொண்டிருந்தார். இத்தாலியர் ஒருவர் எழுதிய கணக்கு இத்தாலியரின் ரகசியத்துக்கே எதிராக நின்றது, இரண்டு தரப்புக்கும் தெரியாமல்! போர் முடிந்து அரசு அதிகாரியாகிவிட்ட சிம்ப்சன், 1949-இல் 'நேச்சர்' இதழில் ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். ஒரு காட்டில் எத்தனை வகை உயிர்கள் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதை அளக்கும் வழி என்று சூழலியலாளர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். சங்கேத வேலையைப் பற்றி அதில் அவர் மூச்சு விட முடியாது, அரசாங்க ரகசியம். ஆகவே பறவை எண்ணுகிறவர்களின் கைக்கு வந்த எண்ணில் போரின் தடயமே இல்லை.

பொருளாதாரத்தில் இதற்காக உரிமைச் சண்டையே நடந்தது. நாடுகளின் வணிகம் எவ்வளவு ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது என்று அளக்க ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1945-இல் பங்குகளைப் பெருக்கிக் கூட்டினார். 1950-இல் ஓரிஸ் ஹெர்ஃபின்டால் அமெரிக்க எஃகுத் தொழிலை ஆராய அதையே செய்தார். அதைக் கண்டுபிடிக்காதவர் என்று தான் கருதிய ஜினியின் பெயரையும், பின்னால் வந்த ஹெர்ஃபின்டாலின் பெயரையும் தன் குறியீட்டுக்குச் சூட்டுகிறார்களே என்று ஹிர்ஷ்மன் 1964-இல் ஒரு சிறு குறிப்பில் மனம் நொந்துகொண்டார். இன்று இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் இணைய அனுமதி கேட்டால் போட்டி நசுங்குமா என்று பார்க்க அரசுகள் முதலில் போடும் கணக்கு அதுதான்.

ஸ்ரீரங்கத்துக்கும் இதில் ஒரு கிளை உண்டு. 1979-இல் லாக்சோ, டாகபெரா என்ற இரண்டு அரசியல் அறிஞர்கள் கட்சிகளின் வாக்குப் பங்குகளை இதே போலப் பெருக்கிக் கூட்டி, வந்த எண்ணால் ஒன்றை வகுத்தார்கள். இரண்டு கட்சிகள் பாதிப் பாதி வாக்கு வாங்கினால் விடை 2. பெயருக்கு நாற்பது சின்னங்கள் இருந்தாலும் ஒரு தேர்தலில் உண்மையில் எத்தனை கட்சிகள் மோதின என்பதை அது சொல்லிவிடும். இந்தியாவில் அந்த வாக்குகளை எண்ணித் தருவது மின்னணு இயந்திரம். 1982-இல் கேரளத்தின் பரவூரில் முதன்முதலாகக் களம் கண்ட அந்த இயந்திரத்தை பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் எஸ். ரங்கராஜன். ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, செயின்ட் ஜோசப்பில் இயற்பியல் படித்து, சுஜாதாவாக நமக்குக் கம்ப்யூட்டரைச் சொல்லிக்கொடுத்தவர்.

சூத்திரத்தில் ஒரு குறை இருந்தது. அதன் கண்ணுக்கு எல்லா வேறுபாடும் ஒன்றுதான். பூவனும் ரஸ்தாளியும் மரபணு அமைப்பில் ஏஏபி, கற்பூரவல்லி ஏபிபி. முதல் இரண்டும் நெருங்கிய உறவு, மூன்றாவது சற்று தள்ளி. பூவனும் ரஸ்தாளியும் கலந்த வண்டியையும் பூவனும் கற்பூரவல்லியும் கலந்த வண்டியையும் ஒரே அளவு கலப்பு என்று சொல்வது சரியா? ரகங்களுக்கு இடையிலான தூரத்தையும் கணக்கில் சேர்க்க 1982-இல் வழி சொன்னவர் சி. ஆர். ராவ். கொல்கத்தாவில் மகலனோபிஸிடமும் கேம்பிரிட்ஜில் அதே ஐரிஸ் ஃபிஷரிடமும் பயின்றவர். திருச்சியை அடுத்த தாயனூரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் முந்நூறுக்கும் மேற்பட்ட வாழை வகைகளைத் தோட்டமாக வளர்த்துக் காத்துவருகிறது. அத்தகைய தோட்டத்தின் வளத்தை அளக்க ராவின் எண்தான் பொருத்தமானது.

மரத்துக்கு வருவோம். 1963-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மார்கனும் சோன்குவிஸ்டும் குடும்ப வருமானக் கணக்கெடுப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வயது, படிப்பு, தொழில் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்க, தனித்தனியாகக் கூட்டிப் பயனில்லை. மக்களை ஒரு கேள்வியால் இரண்டாகப் பிரி, ஒவ்வொரு பாதியையும் மறுபடி பிரி என்று கணினிக்கே விட்டார்கள். அது நிறுத்தத் தெரியாமல் தற்செயல்களையும் பிரித்துக்கொண்டே போனது, உத்திக்குக் கெட்ட பெயர் வந்தது. 1984-இல் கலிபோர்னியாவில் லியோ பிரைமன், ஜெரோம் ஃபிரீட்மன், ரிச்சர்ட் ஓல்ஷன், சார்லஸ் ஸ்டோன் நால்வரும் எழுதிய நூல் மருந்து சொன்னது: மரத்தை முழுக்க வளரவிட்டு, பிறகு கவாத்து செய். பெட்டிக்குள் இருக்கும் கலப்பை அளக்க அவர்கள் விரும்பி எடுத்தது ஜினியின் எண். அதற்குத் தூய்மையின்மை என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் அங்கேதான். (இந்த ஃபிரீட்மனுக்கும் சங்கேத ஃபிரீட்மனுக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே.) ஆஸ்திரேலியரான ராஸ் குவின்லன், சதுரங்கத்தில் ராஜா-யானைக்கு எதிரே ராஜா-குதிரை நிற்கும் இறுதியாட்டங்களை வைத்துத் தன் மரங்களை வளர்த்தார். கலப்பை அளக்க அவர் கையிலெடுத்தது ஷானனின் என்ட்ரோபி என்ற வேறோர் எண். பெரும்பாலும் இரண்டும் ஒரே மரத்தைத்தான் தரும்.

நால்வர் நூலில் ஓர் உதாரணம் இன்றும் வியக்க வைக்கிறது. சான் டியேகோ மருத்துவமனையில் மாரடைப்போடு சேர்ந்த 215 நோயாளிகள், முதல் 24 மணி நேரத்தில் எடுத்த 19 அளவுகள். மரம் மூன்றே கேள்விகளில் ஆபத்தானவர்களைப் பிரித்தது: ரத்த அழுத்தம் 91-ஐத் தாண்டவில்லையா, வயது 62.5-க்கு மேலா, இதயம் மிகைவேகத்தில் துடிக்கிறதா. பணிக்கு வந்த முதல் நாளிலேயே ஒரு செவிலியர் மனப்பாடம் செய்துவிடலாம்.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். கலப்பு பொருளில் இல்லை, நாம் ஒட்டும் லேபிளில் இருக்கிறது. ரகம் என்று லேபிள் ஒட்டினால் 0.5 காட்டும் அதே பத்துத் தாருக்குப் பழுத்ததா காயா என்று ஒட்டிப் பாருங்கள், எல்லாம் காய் என்றால் எண் 0. ஸ்ரீரங்கத்தில் மடி, தீட்டு என்ற லேபிள்கள் எத்தனை தலைமுறை எத்தனை பேரை வாசலுக்கு வெளியே நிறுத்தின என்று தெரிந்தவர்களுக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல. ராமானுஜர் காவிரிக்குப் போகும்போது அந்தண சீடரான முதலியாண்டானின் கையைப் பற்றிக்கொள்வார், நீராடித் திரும்பும்போது உறையூர் மல்லரான உறங்காவில்லி தாசரின் கையைப் பற்றிக்கொள்வார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. குளித்தபின் அவர் தொட்டதுதான் ஊரைக் கலக்கியது. குலம் என்ற லேபிளை நீக்கிவிட்டு அடியார் என்ற லேபிளை அவர் ஒட்டினார், பிரிவு மறைந்தது. யாருக்குக் கடன் தரலாம், யாரை வேலைக்கு எடுக்கலாம் என்று முடிவு மரங்கள் இன்று தீர்ப்புச் சொல்கின்றன. பழைய அதிகாரிகள் ஒட்டிய லேபிள்களை வைத்தே அவை தூய்மையான பெட்டிகளைத் தேடுகின்றன. ஜினி = 0 என்று வந்தால் பெட்டி சீராகப் பிரிந்தது என்று பொருள், நியாயமாகப் பிரிந்தது என்று பொருள் இல்லை. இதை வகுப்பில் முதல் நாளே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நிரல் எழுதுகிறவர்களிடம் இன்னொரு தூய்மை உண்டு, அது வந்த வழியே வேறு. ஒரு சார்பு அதே உள்ளீட்டுக்கு எப்போதும் அதே விடையைத் தந்து, வெளியே எதையும் தொடாமல் இருந்தால் அது தூய சார்பு. அரங்கன் மடைப்பள்ளியில் அன்றாடம் புது மண்பானையில் தளிகை ஆவதுபோல, தூய நிரலும் இருக்கும் மதிப்பைத் திருத்தாமல் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை ஆக்கும். 1930-களில் பிரின்ஸ்டனில் அலான்சோ சர்ச் தாளில் எழுதிய லாம்டா கணிதம் இதன் ஊற்று. ஜான் மெக்கார்த்தி 1958-இல் தொடங்கிய லிஸ்ப் அதைக் கணினிக்குக் கொண்டுவந்தது, ஆனால் காரிய வசதிக்காகக் கலப்பை அனுமதித்தது. 1980-களில் ஆளுக்கொரு தூய மொழி செய்து ஒருவரையொருவர் நகலெடுத்துக்கொண்டிருந்தவர்கள், 1987-இல் போர்ட்லண்டில் கூடிப் பொதுவாக ஒன்று செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். 1990 ஏப்ரல் 1 அன்று ஹாஸ்கெல் வெளிவந்தது. முழுத் தூய்மையில் ஒரு சிக்கல்: திரையில் ஒரு வரி அச்சிடுவதுகூட வெளியுலகைத் தொடுவதுதானே? கலப்பான வேலையைத் தனிப் பொட்டலமாகக் கட்டி வைக்கும் வழியை எடின்பரோவின் மோஜியிடமிருந்து கிளாஸ்கோவின் வாட்லர் எடுத்துக்கொண்டார். அந்த ஹாஸ்கெலின் சாயலில் பிறந்த புளூஸ்பெக் என்ற மொழி, சிப் வடிவமைக்க உதவுவது. அதை வளர்த்தவர்களில் ஒருவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து எம்.ஐ.டி.யில் பேராசிரியரான அர்விந்த். சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' பிராசசர் எழுதப்பட்டதும் புளூஸ்பெக்கில்தான். 2018-இல் அதன் சிப் ஒன்று சண்டிகரில் வார்க்கப்பட்டது.

இரண்டு தூய்மைகளும் கடைசியில் ஒரே இடத்தில் சந்தித்தன. 2007-இல் ஒரு மாணவரின் கோடைக்கால வேலையாகத் தொடங்கிய சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் நூலகத்தைப் பிரான்சின் ஆய்வாளர்கள் 2010-இல் பொதுவில் வெளியிட்டார்கள். அதன் முடிவு மரத்தில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் அளவுகோல் ஜினி என்றே இருக்கும். மாணவரின் பெட்டியில் அந்த இத்தாலியர் பெயர் வந்து உட்கார்ந்ததற்கு அந்த முன்தேர்வுதான் காரணம். ஜினி எண்ணைக் கணக்கிடும் சூத்திரம் தூய சார்பு: அதே 7, அதே 3, என்றைக்கும் 0.42. ஆனால் மரத்தை வளர்க்கும் நிரல் தூயது அல்ல. ஒவ்வொரு பிரிவிலும் அது கேள்விகளின் வரிசையைக் குலுக்கிப் போடுகிறது. இரண்டு கேள்விகள் கலப்பைச் சம அளவில் குறைத்தால் குலுக்கலில் முந்தியது வெல்லும். அதனால் அதே பூக்கள், அதே கணினி, இரண்டாம் முறை ஓட்டினால் மரத்தில் வேறு கேள்வி இருக்கலாம். குலுக்கலைக் கட்டிப்போட ராண்டம் ஸ்டேட் என்ற இடத்தில் ஓர் எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். எந்த முழு எண்ணானாலும் சரி, ஆய்வேட்டில் அதையும் நூலகத்தின் பதிப்பையும் எழுதி வைத்தால், துவாக்குடியில் வளர்ந்த மரமே தாயனூரிலும் வளரும்.