சுரங்கமும் பதுங்குகுழியும்

நெய்வேலியில் சுரங்கம் என்றால் ஒரே அர்த்தந்தான்: நிலக்கரி வெட்டுகிற இடம். மற்ற தமிழ் ஊர்களில் அந்தச் சொல்லுக்கு வேறு வாழ்வு உண்டு. கோட்டை மதிலடியிலோ கோயில் பிராகாரத்திலோ இறங்கி, காத தூரம் மண்ணுக்குள்ளேயே போய், ஆற்றங்கரையில் வெளிப்படுவதாகச் சொல்லப்படும் வழி அது. செஞ்சிக்கோ தஞ்சாவூருக்கோ போய் இந்தக் கதையைக் கேட்காமல் திரும்புவது கஷ்டம். கதைகளுக்கெல்லாம் முடிவு ஒன்றுதான். ராஜா தப்பித்துவிடுகிறான். மேலே இருந்த ஊர்ஜனங்கள் என்ன ஆனார்கள் என்று சொல்கிறவரும் சொல்வதில்லை, கேட்கிறவரும் கேட்பதில்லை.

யுத்தகாலத்துப் பதுங்கிடங்கள் இந்தப் பக்கத்தில் ஏதாவது மிஞ்சியிருக்கின்றனவா என்று நான் தேடத் தொடங்கியபோது, இந்தக் கதைதான் குறுக்கே வந்து நின்றது. தமிழ்நாட்டுக்கு யுத்தம் வரவில்லை என்பது நம்மவர்களின் பொதுவான எண்ணம். வந்தது, தொட்டுவிட்டுப் போனது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது. அந்த பயம் எந்தக் கட்டிடத்திலும் தங்கவில்லை. ‘அவன் பெரிய எம்டன்’ என்று பாஷையில் தங்கிவிட்டது.

1942இல் வந்தது பெரிய பயம். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். 9ஆம் தேதி திருகோணமலை. சென்னையிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு கிளம்பினார்கள். ஆர்தர் ஹோப் கவர்னராக இருந்த சர்க்கார், தன் அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றிக்கொண்டது. மிருகக்காட்சிசாலையில் குண்டு விழுந்தால் சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிடும் என்று மலபார் ஸ்பெஷல் போலீஸை வைத்து அவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் இரவில் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது. அதற்குள் போனவர்கள் திரும்பி வந்து பழைய வாழ்க்கையைத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த நாட்களில் சாதாரண ஜனங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு, ஏ.ஆர்.பி.காரர்கள் சொல்லிக்கொடுத்த பள்ளம். மார்பளவு ஆழம், ஓர் ஆள் ஒடுங்கி நிற்கிற அகலம். நேராக வெட்டாமல் வளைத்து வளைத்து வெட்டவேண்டும், ஒரு முனையில் வெடித்தது மறுமுனைவரை ஓடாமலிருக்க. குண்டு நேராகத் தலைமேல் விழுந்தால் அதனால் பிரயோஜனம் இல்லை. பக்கத்தில் விழுந்தால் சிதறும் இரும்புத் துண்டுகளிலிருந்து காப்பாற்றும். இதற்குச் செலவு மண்வெட்டியும் கூலியும் மட்டும். ஆயுளும் அவ்வளவே. இரண்டு ஐப்பசி மழை போதும், பள்ளம் இருந்த இடம் தெரியாது.

நெய்வேலியிலிருந்து ஒரு மணிநேர பஸ் தூரத்தில், உளுந்தூர்பேட்டைக்கு வெளியே, யுத்தகாலத்து விமானத்தளம் ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படைக்காகப் போட்டது. போய்ப் பார்த்தேன். என் கண்ணில் பட்டது ஓடுதளம் மட்டும். விரிசல்களில் புல் முளைத்திருந்தது. ஆனாலும் விமானம் இறங்கவென்று போட்டது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. இதற்குக் கல் சுமந்தவர்கள் சங்கு ஊதினால் எங்கே ஓடியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு வெயிலில் அதன் நீளத்துக்கு நடந்தேன். கான்கிரீட் விமானத்துக்குக் கிடைத்தது. மனுஷனுக்கு மண்.

திருகோணமலைக்குப் பக்கத்தில் சீனன்குடாவிலும் இதே கணக்குத்தான். அங்கே காட்டுக்கு நடுவே பிரிட்டிஷ் கடற்படையின் எண்ணெய்த் தொட்டிகள் 99 இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் அழிந்த 91ஆம் எண் தொட்டியின் எச்சத்தையும் பார்க்கலாம். எண்ணெயைக் காப்பாற்றக் கட்டியது அத்தனை காலமும் தாங்குகிறது.

சிங்கப்பூரின் கதை இன்னும் தெளிவானது. தியோங் பாரு குடியிருப்பில், 1939இல் ஒரு வீட்டுக் கட்டிடத்தோடு சேர்த்துக் கட்டிய செங்கல் பதுங்கிடம் ஒன்று இப்போதும் இருக்கிறது. அது விதிவிலக்கு. நகரத்து ஜனங்களுக்குப் பரவலாகப் பதுங்கிடம் கட்டாததற்குக் காலனி சர்க்கார் சொன்ன காரணங்களில் ஒன்று, நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது, தோண்டினால் தண்ணீர் வரும் என்பது. 1941 டிசம்பர் 8 விடியுமுன் அங்கே குண்டு விழுந்தது. 23ஆம் தேதி ரங்கூனில் விழுந்தது. ரங்கூனிலிருந்து தப்பிய தமிழர்கள், தெலுங்கர்கள் முதலானோருக்குப் பதுங்கிடமாக இருந்தது இந்தியாவை நோக்கிய காட்டுவழி ஒன்றே. வெ. சாமிநாத சர்மா அப்படி நடந்து வந்து அதை எழுதியும் வைத்தார். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ அந்தக் கடலுக்கு அப்பால் யுத்தத்தில் சிக்கிய தமிழர்களைப் பற்றியது. அது புத்தகமாக வர 1972 ஆயிற்று.

தோண்டினால் தண்ணீர் வரும் என்ற வாதத்தை நெய்வேலிக்காரன் கேட்டால் சிரிப்பான். இங்கே நிலக்கரி இருப்பதே தண்ணீரால்தான் வெளியே தெரிந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தானாகப் பீறிட்ட ஊற்றோடு பழுப்புப் பொருள் ஒன்றும் சேர்ந்து வந்தது. 1943க்கும் 1946க்கும் இடையில், அதாவது ஊரெல்லாம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வருஷங்களில், இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இந்த வட்டாரத்தில் பூமியைத் துளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. 1956இல் கார்ப்பரேஷன் அமைந்தது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் துவக்கிவைத்தார். கரிக்கு மேலே ஐம்பது மீட்டருக்கும் அதிகமான மண். கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீர். அதை இராப்பகலாக இறைத்துக்கொண்டிருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே மேலே கிளம்பிவிடும். ஆகவே இறைத்தார்கள், இன்றும் இறைக்கிறார்கள். 1961இல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. அந்த மண்ணின் மேல் குடியிருந்த கிராமங்கள் எழுந்து வேறிடம் போயின.

தண்ணீர் ஒருபோதும் பெரிய தடையாக இருந்ததில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. யாருக்காகத் தோண்டுவது என்று தீர்மானித்தபின்தான், தண்ணீர் தடையா இல்லையா என்பது தீர்மானமாகிறது.

தமிழன் தனக்காகத் தானே தோண்டிக்கொண்ட பதுங்குகுழியைப் பார்க்கவேண்டுமானால் பாக்குநீரிணையைக் கடக்கவேண்டும். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ‘பங்கர்’ என்பது கிணறு, வேலி, படலை போல வீட்டுவளவின் ஓர் அங்கமாயிற்று. குழியின் மேல் பனங்குற்றிகளை அடுக்கி, அதன்மேல் மண்மூட்டை வைத்தார்கள். குழந்தைகள் அதற்குள் பாடம் படித்தார்கள். 2009இல் சனங்கள் முல்லைத்தீவுக் கடற்கரையின் ஒடுங்கிய மணல் திட்டுக்குத் தள்ளப்பட்டபோது பனங்குற்றியும் கிடைக்கவில்லை. வெட்ட வெட்டச் சரிகிற மணல். கொஞ்சம் ஆழப்படுத்தினால் தண்ணீர். சேலைகளைப் பைகளாகத் தைத்து, மணல் நிரப்பிச் சுவராக அடுக்கினார்கள். கல்யாணக் கூறைகளும் அதில் போயின. மே மாதம் எல்லாம் முடிந்தது. அந்தக் கடைசி மாதங்களில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் எழுதியது.

மிஞ்சியிருப்பவற்றை மட்டும் வைத்துச் சரித்திரம் எழுதுவது எவ்வளவு அபாயமானது என்பது இங்கேதான் விளங்குகிறது. கனமாகக் கட்டியது நிற்கும். கனமாகக் கட்டிக்கொள்ள அதிகாரம் இருந்தவர்களே அதில் தெரிவார்கள். தஞ்சாவூர்க் கல்வெட்டில் நில தானம் தெரிகிறது. அந்த நிலத்தை உழுதவன் தெரிவதில்லை. அதே விதிதான். தமிழ்ச் சரித்திர ஆசிரியர்கள் கல்லைப் படித்துப் பழகிவிட்டார்கள். மண்ணைப் படிக்க அவர்களுக்குப் பயிற்சி இல்லை. சேலையில் தைத்த மணல் மூட்டையை எந்தச் சாசனத்தோடு சேர்த்துப் பதிவது?

2025 மே 7 அன்று நாடெங்கும் நடந்த சிவில் பாதுகாப்பு ஒத்திகையில், தமிழ்நாட்டில் சென்னைத் துறைமுகமும் கல்பாக்கமும் இடம்பெற்றன. துறைமுகம், அணுமின் நிலையம்: எதைக் காப்பாற்றவேண்டும் என்ற பட்டியல் 1942இல் இருந்து அதிகம் மாறிவிடவில்லை. அனல்மின் நிலையங்கள் உள்ள ஊரில் இருக்கிறவன் என்ற முறையில், அந்தப் பட்டியலில் எங்கள் ஊர் வருவதற்கு எல்லாத் தகுதியும் உண்டென்று எனக்குத் தெரியும். இங்கே பூமிக்குள் வெட்டியிருக்கிற பள்ளம் வானத்திலிருந்து பார்த்தாலே தெரியும். அவ்வளவு பெரிய பள்ளத்தில் ஒரு குடும்பம் ஒளிந்துகொள்ள இடம் இல்லை.

பள்ளம் வெட்டியவர்களின் நினைவை எழுதுவது சரித்திரத் துறைகளால் ஆகிற காரியமாகத் தோன்றவில்லை. எழுதுகிறவர்கள்தான் செய்யவேண்டும். எவாக்குவேஷன் சமயத்தில் கைக்குழந்தையாகக் கிராமத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர்கள் தங்கள் தாயாரிடம் கேட்டுவைத்ததைத்தான் இனி நாம் கேட்டுக்கொள்ள முடியும். முல்லைத்தீவுக் கரையில் குழிக்குள் கிடந்த குழந்தைகளுக்கு இப்போதுதான் இருபது நடக்கிறது. அவர்களிடம், ஆழம் எவ்வளவு, எத்தனை பேர் இருந்தீர்கள், மேலே எதைப் போட்டு மூடினீர்கள், சேலை என்ன நிறம் என்று கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும்.