இசைத்தட்டும் இசை வரலாறும்

ஏட்டுச்சுவடியைச் சான்றாகப் போற்றும் நாம், இசைத்தட்டினைப் பழைய வீட்டுப்பொருளாகவே எண்ணி ஏங்குகின்றோம். அதனைச் சான்றாக ஆராய்வார் சிலரே.

சென்னைத் துறைமுகத்தையும் இராயபுரத்தையும் அடுத்த ஜார்ஜ் டவுனில் வாழ்ந்தவர் வீணை தனம்மாள். அவர்தம் வாசிப்பைக் கொலம்பியா நிறுவனத்தார் 1932இல் பதிவு செய்தனர். 1925க்கு முற்பட்ட பதிவுகளில் ஒலிவாங்கி இல்லை. கூம்புக் குழல் ஒன்றின் வாயருகே நின்று உரக்கப் பாட, அவ்வொலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் வரியிட்டது. கோயமுத்தூர்த் தாயியின் குரல் நமக்கு எய்தியது அம்முறையில்தான். தனம்மாளின் மெல்லிய மீட்டுக்கு அக்குழல் ஏற்றதன்று. மின்முறை வந்தபின் அவர் வாசிப்புத் தட்டில் ஏறியது நம் நற்பேறே.

பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே ஓடும். ஆதலின் ஆண்டுக் காணும் சுருக்கத்தை அவர்தம் மரபின் இயல்பெனக் கொள்ளலாகாது.

வேகமும் நோக்கற்பாலது. நிமிடத்திற்கு 78 சுற்று என்னும் அளவு பிற்காலத்தே நிலைபெற்றது. பழந்தட்டுகள் அதனிற் குறைந்தும் மிகுந்தும் பதியப்பெற்றன. நான்கைந்து சுற்று வேறுபடின் சுருதி ஏறத்தாழ ஓர் அரைச்சுரம் மாறும். சாவி கொடுத்து ஓட்டும் பெட்டியிலோ, வில் தளருந்தோறும் வேகம் குன்றும். எனவே, 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் உச்சத்தானத்தைத் தட்டினைக் கேட்டு மட்டும் அறுதியிட்டுரைப்பார் கூற்றை நாம் ஏலோம்.

அரக்குத் தட்டு எளிதில் உடைவது. அதன் நடுவில் பொறித்த எண்ணைக் குறித்து வைப்பின், பதிவுக் காலத்தை ஒருவாறு துணியலாம். இப்பணியை மாணாக்கர் மேற்கொள்ளலாம். வேண்டுவது எழுதுகோலும் பொறுமையும், வெளிச்சமும்.