முதல் அடியின் ஆட்சி: ஜேம்ஸ் பிரவுனும் ஃபங்க் இசையின் உருவாக்கமும்

இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்கக் கறுப்பின மக்களிசையில் ஜேம்ஸ் பிரவுன் பெறும் இடம் பெரும்பாலும் அவருடைய ஆட்டம், வியர்வை, மேடையில் மண்டியிட்டு விழுந்து எழும் பாவனை ஆகியவற்றைக் கொண்டே விளக்கப்படுகிறது. அவருடைய ஒலிப்பதிவுகளைக் காலவரிசையில் கேட்டுவருவோருக்கோ வேறொரு வரலாறு புலப்படும். மெட்டும் சுரக்கூட்டும் கதை சொல்லும் பாடல் வரியும் படிப்படியாகக் கழிக்கப்பட்டு, எஞ்சிய இடத்தைத் தாளம் முழுமையாக ஆட்கொண்ட வரலாறு அது. சோல் எனப்படும் இசைவகை ஃபங்க் எனப்படும் மற்றொன்றாக மாறியது இந்தக் கழித்தலின் விளைவாகவே. அதைச் செய்துமுடிக்க ஏறத்தாழப் பத்தாண்டுகளும், பெயர் அதிகம் வெளியே தெரியாத வாத்தியக்காரர்கள் பலரும் தேவைப்பட்டனர்.

பிரவுன் 1933ஆம் ஆண்டு மே 3 அன்று தென் கரோலைனா மாநிலத்தின் பார்ன்வெல்லில் கொடிய வறுமைக்கிடையே பிறந்து, ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் உறவுக்காரப் பெண்ணொருவர் நடத்திய விலைமாதர் விடுதியில் வளர்ந்தார். பதினாறு வயதில் திருட்டுக் குற்றத்துக்காகச் சிறார் சீர்திருத்தச் சிறைக்கு அனுப்பப்பட்ட அவர், டொக்கோவா என்னும் சிற்றூரில் பாபி பேர்ட் என்ற இளம் பாடகரைச் சந்தித்ததும், பேர்டின் குடும்பத்தார் உதவியுடன் 1952இல் விடுதலை பெற்று அவருடைய குழுவில் சேர்ந்ததும் அவர் வாழ்வின் திசையை மாற்றின. ஃபேமஸ் ஃபிளேம்ஸ் என்று பின்னர் அறியப்பட்ட அக்குழு பேர்டினுடையது. சில ஆண்டுகளுக்குள் அது பிரவுனின் குழுவாகிவிட்டது.

இக்காலத்தில் உருவாகிக்கொண்டிருந்த சோல் இசை, கறுப்பினத் திருச்சபைகளின் காஸ்பல் பாடல்களில் உள்ள கதறலையும், தலைவன் அழைக்கக் குழு மறுமொழி கூறும் முறையையும், காதல் முதலான உலகியல் பொருள்களைப் பாடும் ரிதம் அண்ட் புளூஸ் இசையோடு இணைத்தது. ரே சார்ல்ஸ் 1954 அளவிலேயே இவ்விணைப்பைச் செய்து காட்டியிருந்தார். பிரவுனின் முதல் ஒலிப்பதிவான ‘பிளீஸ், பிளீஸ், பிளீஸ்’ (1956) அதே மரபில் வந்ததாயினும், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப மன்றாடுவதையே பாடலாக்கியதில் அது அதனினும் ஒரு படி முன்னே சென்றது. சின்சினாட்டியின் கிங் இசைத்தட்டு நிறுவன உரிமையாளர் சிட் நேதன் இப்பாடலை அறவே வெறுத்தார் என்பது பதிவாகியுள்ளது. பாடல் வெற்றி பெற்றபோதும், அடுத்து வந்த இசைத்தட்டுகள் தொடர்ந்து தோல்வியுற, 1958இல் வெளியான ‘டிரை மீ’ ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலின் முதலிடத்தை எட்டியதே அவரை நிலைநிறுத்தியது.

நேதனுடனான பிணக்கு இசைக்கு அப்பாற்பட்ட விளைவுகளையும் தந்தது. மேடைக் கச்சேரியை ஒலிப்பதிவு செய்து விற்பதில் பயனில்லை என்று நிறுவனம் மறுத்தமையால், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள அப்பல்லோ அரங்கில் 1962 அக்டோபர் 24 அன்று நடந்த கச்சேரியைப் பிரவுன் தம் சொந்தச் செலவிலேயே பதிவு செய்தார். 1963இல் வெளியான அத்தொகுப்பு, வெள்ளையர் வாங்கும் இசைத்தட்டுகளையும் உள்ளடக்கிய பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை உயர்ந்து, ஓராண்டுக்கு மேல் அப்பட்டியலில் நீடித்தது. இசைக்கலைஞன் தன் ஆக்கத்தின் மீதான கட்டுப்பாட்டைத் தானே வைத்திருக்க வேண்டும் என்ற உறுதி இதிலிருந்து அவரிடம் வலுப்பெற்றது. அந்த உறுதியின் பயன் அவருடைய வாத்தியக்காரர்களுக்குக் கிட்டவில்லை என்பதையும் இங்கேயே குறிப்பது தகும்.

இசை மாற்றத்தின் தெளிவான முதற்சான்று 1965இல் வடக்குக் கரோலைனாவின் சார்லட்டில் பதிவான ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’. அக்காலச் சோல் இசையில் நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தின் இரண்டாம், நான்காம் அடிகளுக்கே அழுத்தம் தரப்படுவது வழக்கம். பிரவுன் அழுத்தத்தை முதல் அடிக்கு மாற்றி, அதனை ‘தி ஒன்’ என்று அழைத்தார். கர்நாடக இசையில் ஆவர்த்தனத்தின் சமம் எப்படிப் பல்வேறு கணக்குகளும் வந்து சேரும் இடமாக அமைகிறதோ, ஏறத்தாழ அவ்வாறே இந்த முதல் அடியும் அமைந்தது. அதில் எல்லாரும் ஒன்றுகூடிவிட்டால், இடைப்பட்ட அடிகளில் ஒவ்வொரு வாத்தியமும் தன் போக்கில் பின்னிச் செல்லலாம். இப்பாடலில் ஜிம்மி நோலன் கிட்டாரின் தந்திகளை முழுமையாக அழுத்தாமல் கீறி ஒலிப்பதும், ஊதுவாத்தியங்கள் மெட்டை நீட்டாமல் வெட்டி நிறுத்துவதும், மெல்லிசைக் கருவிகளையே கொட்டு வாத்தியங்களாக்கும் முயற்சிகளாகும்.

1967 மே மாதம் சின்சினாட்டியில் பதிவான ‘கோல்ட் ஸ்வெட்’ இம்முயற்சியை முழுமைக்குக் கொண்டுவந்தது. ஃபங்க் இசையின் பிறப்பை ஒரே ஒலிப்பதிவில் சுட்ட வேண்டுமெனில், பலரும் இதையே சுட்டுவர், அது நியாயமும்கூட. பிரவுன் தொண்டையில் உறுமிக் காட்டிய பேஸ் ஒலிப்போக்கை, ஜாஸ் பயிற்சி பெற்ற சாக்ஸபோன் கலைஞர் பீ வீ எல்லிஸ் இசைக்குறிப்பாக்கினார். ஊதுவாத்தியப் பகுதியை அமைக்கையில் மைல்ஸ் டேவிஸின் ‘ஸோ வாட்’ தம் மனத்தில் இருந்ததாக எல்லிஸ் பின்னர் கூறியுள்ளார். கார்டு எனப்படும் சுரக்கூட்டுகள் மாறிமாறி நகர்வதே மேலைப் பாடலின் முதுகெலும்பாகக் கருதப்பட்ட காலத்தில், இப்பாடலின் பெரும்பகுதி ஒரே சுரக்கூட்டில் நின்றது. கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் டிரம்ஸ் மட்டும் தனித்து ஒலிக்கும் இடைவெளி பாடலின் நடுவே திறந்தது. பிரவுனின் குரலும் கூற்று என்பதைவிட அலறலாகவும் உறுமலாகவும் மாறி, தாளத்தின் இன்னொரு கருவியாயிற்று.

இசை இவ்வாறு சுருங்கிய அதே ஆண்டுகளில் பிரவுனின் பொதுவாழ்வு விரிந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாளான 1968 ஏப்ரல் 5 அன்று பாஸ்டனில் நடக்கவிருந்த கச்சேரியை ரத்து செய்யாமல், மக்கள் வீட்டிலேயே இருக்கும்படி தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பச் செய்தனர். பிற பெருநகரங்களில் கலவரம் மூண்ட அவ்விரவில் பாஸ்டன் பெரிதும் அமைதியாக இருந்தது. அவ்வாண்டே வெளியான ‘ஸே இட் லவுட்’ கறுப்பினப் பெருமிதத்தைச் சிறுவர் குழுவின் மறுமொழியோடு முழங்கியது. நான்காண்டுகளுக்குள் ரிச்சர்ட் நிக்சனை ஆதரித்து அதே ரசிகர்களின் கடும் எதிர்ப்பைத் தேடிக்கொண்டதும் இவரே. தனியுடைமைத் தொழில்முனைவே கறுப்பினத்தாரின் விடுதலைக்கு வழி என்ற அவருடைய நம்பிக்கையை வைத்துப் பார்த்தால், இரண்டுக்குமிடையே அவ்வளவு முரண் இல்லை.

குழுவினுள் அவர் முதலாளியாகவே நடந்துகொண்டார். தவறான சுரத்துக்கும் மெருகிடாத காலணிக்கும் அபராதம் விதித்தார்; ஊதியக் குறைபாட்டை எதிர்த்து 1970 மார்ச்சில் வாத்தியக்காரர்களில் பெரும்பாலோர் வெளியேறினர். உடனே சின்சினாட்டியிலிருந்து வரவழைக்கப்பட்ட இளைஞர்களுள் பேஸ் கிட்டார் கலைஞர் பூட்ஸி காலின்ஸும் அவர் அண்ணன் கேட்ஃபிஷும் அடங்குவர். ஊதுவாத்தியங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டு, பேஸும் கிட்டாருமே முன்னிற்கும் ‘செக்ஸ் மெஷின்’ அடுத்த மாதமே பதிவானது. அதாவது தொழிலாளர் தகராறு ஒன்று ஃபங்க் இசையின் ஒலியமைப்பையே மாற்றியது. ஓராண்டுக்குள் காலின்ஸ் சகோதரர்களும் விலகி, பின்னர் ஃபங்க் கலைஞர் ஜார்ஜ் கிளின்டனின் குழுக்களில் சேர்ந்தனர். சாக்ஸபோன் கலைஞர் மாசியோ பார்க்கரும் டிராம்போன் கலைஞர் ஃபிரெட் வெஸ்லியும் அதே வழியைப் பின்பற்றியதால், பிரவுனிடம் கற்ற ஒழுங்கே எழுபதுகளின் ஃபங்க் இசைக்கு அடித்தளமாயிற்று.

எழுபதுகளின் பிற்பகுதியில் டிஸ்கோ அலையில் பிரவுனின் செல்வாக்கு சரிந்தது. 1986இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமின் முதல் அணியில் இடம்பெற்ற அவர், 1988 முதல் 1991 வரை சிறையில் கழித்தார்; 2006 டிசம்பர் 25 அன்று அட்லாண்டாவில் காலமானார். அவருடைய இசையின் இரண்டாம் வாழ்வு அதற்குள் வேறிடத்தில் தொடங்கியிருந்தது. பழைய ஒலிப்பதிவின் ஒரு துண்டை வெட்டிச் சுழலவிட்டு அதன்மேல் புதிய பாடலைக் கட்டும் சாம்பிளிங் முறையை ஹிப் ஹாப் கலைஞர்கள் கையாண்டபோது, ‘ஃபங்கி டிரம்மர்’ பாடலில் ஸ்டபிள்ஃபீல்ட் தனித்து வாசிக்கும் சில நொடிகளே பெரிதும் எடுத்தாளப்பட்டன. பப்ளிக் எனிமி முதல் எல்எல் கூல் ஜே வரை பலர் அதன்மேல் பாடினர். அப்பதிவுக்கான உரிமைத் தொகையில் ஸ்டபிள்ஃபீல்டுக்குப் பங்கு கிடைக்கவில்லை. 2017இல் அவர் இறந்தபோதும், அப்பாடலின் ஆக்கியோனாகப் பதிவில் இருந்த பெயர் ஜேம்ஸ் பிரவுன் மட்டுமே.